கீழ் இடது மூலை

படத்தைப் பார்த்ததும் இஸ்திரிக்கு முதலில் தோன்றியது, மேல்மாடிக்காரர் குழாயை மூடாமல் ஊருக்குப் போய்விட்டார் என்பதுதான்.

வெள்ளைச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு நீலம். அந்த நீலத்துக்குள் இன்னொரு நீலம். இரண்டும் சந்தித்துக் காய்ந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு விளிம்பு. காப்பீட்டு நிறுவனத்தில் சேதம் மதிப்பிடும் அதிகாரியாகத் தலை நரைக்கும்வரை அவர் பார்த்ததெல்லாம் இதைத்தான். ஒழுகிய கூரை, ஊறிய சுவர், உப்பிப்போன கதவு. அப்போதெல்லாம் இப்படியொரு சுவரைக் காட்டி வீட்டுக்காரர்கள் மூக்கைச் சிந்துவார்கள். இங்கே அதையே சட்டம் போட்டு மாட்டி, விளக்கு வைத்து, எதிரில் நின்று பெருமூச்சு விடுகிறார்கள்.

‘இஸ்திரி’ என்பது அவருக்கு வைத்த பெயரல்ல, வந்து ஒட்டிக்கொண்ட பெயர். நாற்காலியில் முதுகு சாயாமல் உட்காருவார். சட்டையில் மடிப்புக் கலையாது, பேச்சில் குழைவு கிடையாது. ஓய்வுபெற்ற கையோடு துப்பறியும் வேலையை எடுத்துக்கொண்டபோது உறவினர்கள் சிரித்தார்கள். அவர் பதிலுக்குச் சிரிக்கவில்லை. சிரிப்பை அவர் சிக்கனமாகத்தான் செலவழிப்பார். அந்தக் குறையை ஈடுகட்டவோ என்னவோ, மனைவி வழியில் அவருக்கு ஒரு மைத்துனன் வாய்த்திருந்தான். வண்டி ஓட்டுவான், கதவு தட்டுவான், யாரும் கேட்காமலே கருத்துச் சொல்வான்.

“அத்தான், இதுக்குப் பேரு ‘நீரின் நினைவு’. அடுத்ததுக்கும் ‘நீரின் நினைவு’. அதுக்கு அடுத்ததுக்கும் அதேதான். இத்தனை தடவை கேட்டும் தண்ணிக்கு ஒண்ணும் ஞாபகம் வரல போல.”

“வாயை மூடிக்கிட்டுப் பாரு,” என்றார் இஸ்திரி.

அவர்களை அங்கே அனுப்பியது, மறைந்த ஓவியரின் மனைவி. அன்று காலையில் அலுவலகத்துக்கு வந்தவர், உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தபோது குடிக்கவில்லை. கணவரின் அறையில் அலமாரிக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்த கடைசிப் படம் ஒன்று கிடைத்தது என்றும், அதைக் கண்காட்சிக்குத் தானே அனுப்பியதாகவும், காட்சிக்கூடத்தின் சொந்தக்காரர் அது போலி என்று சாதிப்பதாகவும் சொன்னார். பழி அந்த அம்மாளின் மருமகள் மேல். மாமனார் செத்த பிறகு அவளே வரைந்து, அவர் பெயரில் விற்கப் பார்த்தாளாம். மாலையில் திறப்பு விழா. வந்தவர்கள் முன்னால் சொந்தக்காரர் அதை அறிவித்துவிட்டு, கையோடு காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப் போகிறாராம்.

“எங்க குடும்பத்துல போலின்னு ஒண்ணு கிடையாது,” என்றார் அந்த அம்மாள். “அதை நீங்க நிரூபிக்கணும். சாயங்காலத்துக்குள்ள.”

இஸ்திரிக்கு அந்த நிமிர்வு பிடித்திருந்தது. குடும்பத்தின் பெயர் என்பது வாசலில் மாட்டும் பலகை அல்ல, அது கூரை, அது ஒழுகினால் உள்ளே இருக்கிற எல்லாரும் நனைவார்கள் என்று நினைக்கிறவர் அவர். உடனே ஒப்புக்கொண்டார். அப்படி ஒப்புக்கொண்டதற்காக அன்று பகலிலேயே வருத்தப்பட வேண்டியிருக்கும் என்று அவருக்கு அப்போது தெரியாது.

காட்சிக்கூடத்தின் சொந்தக்காரர் வந்தார். குளிர்சாதனம் உறைய வைக்கும் அந்தக் கூடத்தில் அவர் மட்டும் சால்வை போர்த்தியிருந்தார். மற்றவர்கள் நடுங்குவதைப் பார்க்கத்தான் அந்தக் குளிரையே வைத்திருக்கிறார் என்று தோன்றியது. மைத்துனன் அந்தக் கணமே அவருக்கு ‘சால்வை’ என்று பெயர் வைத்துவிட்டான்.

சால்வை, ஓவியரைப் பற்றித் தலையணை பருமனுக்கு ஒரு புத்தகம் எழுதியவர். அந்தப் புத்தகத்தை யாரும் படித்ததில்லை என்பதால் அதை யாரும் மறுத்ததுமில்லை. அவர் படங்களின் முன்னால் நடந்துகொண்டே, தானே அவற்றைப் பெற்றெடுத்தவர் போலப் பேசினார். அதில் விஷயம் என்று தேறியது ஒன்றே ஒன்றுதான். எல்லாப் படத்திலும் நீலம் கடைசியில் கீழே, இடது மூலையில் போய்த் திரண்டு நிற்கிறது. அங்கே மட்டும் நிறம் கெட்டியாக, கிட்டத்தட்டக் கறுப்பாக இருக்கிறது.

“மனுஷனோட இதயம் எந்தப் பக்கம்? இடது பக்கம். நினைவு நம்மளை எங்க இழுக்கும்? கீழ. மாஸ்டர் தன்னை அறியாமலே ஒவ்வொரு தடவையும் அந்த மூலைக்குப் போறார். இதை முதல்ல கண்டுபிடிச்சவன் நான். அந்த மூலை இல்லைன்னா அது மாஸ்டர் படமே இல்ல.”

“என் மணிபர்ஸும் இடது பக்கம்தான் சார் இருக்கு,” என்றான் மைத்துனன். “அதுல போடறதும் கீழதான் போகுது.”

சால்வை அவனை ஒரு ஈயைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, கூடத்தின் கோடியில் கறுப்புத் துணி போட்டிருந்த படத்தை நோக்கிப் போனார். திறப்பு விழாவில் எல்லார் முன்னாலும் நீக்குவதற்காகப் போட்ட துணி அது. போலியைக் கண்டுபிடித்தோம் என்றால் சத்தமில்லாமல் திருப்பி அனுப்புவதுதான் மரியாதை. இந்த மனிதர் அதற்குத் திரை கட்டி வைத்திருக்கிறார். ஒரு பெண்ணைச் சந்தியில் நிறுத்துவதற்கு வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்த்து விளக்கும் போட்டிருக்கிறார். இஸ்திரி அதை மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

துணியை விலக்கியபோது தெரிந்த படம் மற்றவற்றைப் போல் இல்லை. அதே நீலம்தான். ஆனால் அது எந்த மூலைக்கும் போகவில்லை. கொட்டிய இடத்திலேயே குட்டை குட்டையாகத் தேங்கி, அங்கேயே காய்ந்திருந்தது. குட்டைகளுக்கு நடுவே கோடு போட முயன்று, போட முடியாமல் சிதறிய புள்ளிகள். அடியில் கையெழுத்து இல்லை.

“மூலையும் இல்ல, கையெழுத்தும் இல்ல,” என்றார் சால்வை. “வேற என்ன வேணும்?”

இஸ்திரி இரண்டே கேள்விகள் கேட்டார். இந்தப் படங்களில் எது மேல், எது கீழ் என்று எப்படித் தெரியும் என்பது ஒன்று. மாஸ்டர் எப்போதும் கீழே வலது பக்கம் கையெழுத்துப் போடுவார், அதை வைத்துத்தான் என்று பதில் வந்தது. மாஸ்டர் வரைவதை நேரில் பார்த்திருக்கிறாரா என்பது இரண்டாவது. அதற்குச் சால்வையின் முகத்தில் பக்தி பரவியது. கடைசி ஆண்டுகளில் மாஸ்டர் மேல்மாடி அறைக்குள் கதவைச் சாத்திக்கொள்வாராம். அந்தத் தவத்தைக் கலைக்கக் கூடாது என்று, தான் கீழே கூடத்திலேயே உட்கார்ந்திருப்பாராம்.

“அப்ப பார்த்ததில்ல,” என்றார் இஸ்திரி.

“உணர்ந்திருக்கேன்,” என்றார் சால்வை.

வண்டியில் ஏறியதும் மைத்துனன் தீர்ப்பு எழுதிவிட்டான். மருமகள்தான் செய்திருக்கிறாள், மாமியாருக்கும் தெரிந்திருக்கிறது, மறைக்கத்தான் நம்மைக் கூப்பிட்டிருக்கிறார் என்றான். சேத மதிப்பீட்டுக்காரனுக்கு இரண்டு விஷயம் தெரியவேண்டும் என்று இஸ்திரி அவனுக்குச் சொன்னார். தண்ணீர் எங்கே போய் நின்றிருக்கிறது என்று எல்லாரும் பார்ப்பார்கள். அது ஏன் அங்கே போயிற்று என்று கேட்பவனுக்குத்தான் சம்பளம்.

“எனக்கு இதுவரைக்கும் சம்பளம்னு ஒண்ணு வந்ததில்லையே அத்தான்.”

“நீ இன்னும் கேக்க ஆரம்பிக்கல.”

*

ஓவியரின் வீடு புகழ் வந்த பிறகு முன்பக்கம் மட்டும் பெரிதான வீடு. வாசலில் பளிங்கு, கூடத்தில் விருதுகள், மாடிப்படிக்குப் பித்தளைக் கைப்பிடி. பின்பக்கம் மட்டும் பழையபடியே விடப்பட்டிருந்தது, விருந்தாளிகள் அங்கே வருவதில்லை என்பதால்.

அந்த அம்மாள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேல்மாடி அறையைத் திறந்தார். சாவி எப்போதும் தன்னிடம்தான் இருக்கும் என்றார். கணவர் இருந்தபோது அவரும் தானும் தவிர வேறு யாரும் உள்ளே வந்ததில்லை.

“மருமகள்?”

“அவ அந்த அறைக்குள்ள காலே வச்சதில்ல. அவர் போன பிறகும்தான். அதனாலதான் சொல்றேன், அந்தப் படம் அவர் வரைஞ்சது.”

அறை ஒரு கோயில்போல் சுத்தமாக இருந்தது. அதுதான் இஸ்திரிக்குப் பிடிக்கவில்லை. தூரிகைகள் அளவு வாரியாக அடுக்கப்பட்டிருந்தன. ஒன்றின் மயிரும் பிரியவில்லை. தரை, புகழ் வந்தபோது புதிதாகப் போட்ட வழவழப்பான கல். மைத்துனன் கண்ணில் வேறொன்று பட்டது. அலமாரித் தட்டில் ஒரு தேநீர்க் கோப்பை. இறுக்கமான மூடி, மூடியில் ஒரு துளை, துளையில் உறிஞ்சுகுழல்.

“வீட்டுல குழந்தை இருக்காம்மா?” என்று கேட்டான்.

தேநீர் ஆறாமல் இருக்க அப்படி வைத்ததாக அந்த அம்மாள் சொன்னார். கதவோரம் கிடந்த ஓவியரின் செருப்பிலும் வார் இல்லை, கொக்கி இல்லை, ஒட்டினால் ஒட்டிக்கொள்ளும் பட்டைதான். இஸ்திரி கோப்பையையும் பார்த்தார், செருப்பையும் பார்த்தார். கணவர் எப்படி வரைவார் என்று மட்டும் கேட்டார். படத்துணியைத் தரையில் விரித்துப் போட்டு, மேலே வர்ணத்தையும் தண்ணீரையும் ஊற்றி, அப்படியே காய விடுவார் என்று அந்த அம்மாள் பெருமையாகச் சொன்னார். இதே இடத்தில்தான். இந்தத் தரையில்தான்.

இஸ்திரி மைத்துனனிடம் ஒரு குவளை தண்ணீர் கேட்டார். வந்ததும், அந்த வழவழப்பான தரையில் பாதியை ஊற்றினார்.

அந்த அம்மாளின் முகம் சிவந்தது. தன் வீட்டில் யாரும் இப்படி நடந்துகொண்டதில்லை என்றார். இஸ்திரி மன்னிப்புக் கேட்கவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் தட்டு வைத்ததுபோல் வட்டமாக நின்றது. இடதும் போகவில்லை, வலதும் போகவில்லை. நல்ல கொத்தனார், மட்டம் பார்த்துப் போட்ட தரை.

“பின்னால துணி துவைக்கற அறை இருக்கா?” என்று கேட்டார்.

அந்த அம்மாள் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம்தான் பதில்.

*

துவைக்கும் அறையில் மருமகள் ஒரு படுக்கை விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள். முழங்கைவரை ஈரம். கலை படித்த பட்டதாரி. கணவன் கப்பலில் வேலை பார்ப்பவன், வருடத்தில் பாதி நாள் கடலில். உள்ளே வந்த இருவரையும் பார்த்து அவள் எழுந்து நிற்கவில்லை, வெட்கப்படவுமில்லை.

“நீங்கதான் துப்பறியறவங்களா? என்னைப் பத்தின்னா வெளியில விசாரிங்க. எங்க வீட்டுல எனக்கு நல்ல பேரு கிடையாது.”

“நாங்க தண்ணியைப் பத்தி விசாரிக்க வந்திருக்கோம்,” என்றான் மைத்துனன்.

“அப்ப குழாய்கிட்ட கேளுங்க. என்னைவிட நிறையப் பேசும்.”

மைத்துனன் வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டான். இஸ்திரி குவளையில் மிச்சமிருந்த தண்ணீரைத் தரையில் ஊற்றினார். அது நிற்கவே இல்லை. அவர் காலணியைச் சுற்றிக்கொண்டு, சலவை இயந்திரத்தின் அடியைத் தாண்டி, மூலையில் இருந்த வடிகால் துவாரத்துக்குள் போய் மறைந்தது.

அறையின் பாதியை இயந்திரம் அடைத்திருந்தது. மிச்சமிருந்த இடத்தில் ஒரு பெரிய படத்துணியை ஒரே ஒரு விதமாகத்தான் விரிக்க முடியும். விரித்தால், ஊற்றுகிறவள் குழாய்ப் பக்கம் ஒரே ஒரு இடத்தில்தான் நிற்க முடியும். இஸ்திரி அந்த இடத்தில் போய் நின்றார். அங்கிருந்து பார்த்தால் வடிகால் அவருக்குக் கிட்டத்தில், இடது கைப் பக்கம் இருந்தது. கீழ் இடது மூலை. சால்வையின் தலையணைப் புத்தகம், அதன் இதயம், அதன் ஏக்கம், அதன் ஆழ்மனம் எல்லாமே அந்தத் துவாரத்தை நோக்கித்தான் இத்தனை ஆண்டும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

“எல்லாமே நீங்க வரைஞ்சதா?” என்று கேட்டார்.

அவள் விரிப்பை ஒருமுறை இறுக்கிப் பிழிந்தாள்.

“தண்ணிக்கு ஞாபகம்னு ஒண்ணும் கிடையாது சார். சாய்வு மட்டும்தான். எங்க சாயுதோ அங்க போகும். நான் அதுக்குக் குறுக்க நிக்காம இருந்தேன். அவ்வளவுதான் என் கலை.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டாள். “ஆனா எந்த நீலத்தை எப்ப ஊத்தணும்னு எனக்குத் தெரியும். அது சாய்வுக்குத் தெரியாது.”

மைத்துனனால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. “அத்தான், அந்த மூலை நினைவோட ஆழம்னாரே. இங்க சோப்பு நுரை போயிட்டிருக்கு.”

வாசலில் அந்த அம்மாள் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. மறுப்பார் என்று இஸ்திரி எதிர்பார்த்தார். அவர் நேராக மறுக்கவில்லை. தூரிகையை இங்கே கழுவுவது வழக்கம், கறையை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று ஒரு வார்த்தை ஆரம்பித்தார். தான் கறையைப் பற்றிப் பேசவே இல்லை என்று இஸ்திரி சொன்னதும் நிறுத்திக்கொண்டார். பிறகு எல்லாவற்றையும் ஒரு கணக்கை ஒப்புவிப்பதுபோல் சொன்னார். கணவருக்குக் கை நடுக்கம் வந்தது. அதற்குள் வெளியில் அவர் பெரிய பெயர். வரைய முடியவில்லை என்று ஒத்துக்கொள்வதா? வீட்டில் படித்த மருமகள் இருந்தாள். வீட்டுக்காகச் செய்தாள். அவர் மேலே உட்கார்ந்து, நடுக்கம் அடங்கும் நேரம் பார்த்துக் கையெழுத்து மட்டும் போட்டார். அவ்வளவுதான் என்றார், ஏதோ பக்கத்து வீட்டிலிருந்து சர்க்கரை கடன் வாங்கியதுபோல.

“அப்ப இந்தக் கடைசிப் படம்?” என்று கேட்ட இஸ்திரி, கைபேசியில் எடுத்திருந்த படத்தை மருமகளிடம் நீட்டினார்.

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். மாமியார் அதை அவளிடம் காட்டியிருக்கவே இல்லை. பழி மட்டும்தான் அவளுக்கு வந்து சேர்ந்திருந்தது. அந்தக் குட்டைகளையும் சிதறிய புள்ளிகளையும் அவள் விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“இது என்னுது இல்ல,” என்றாள். “என் நீலம்தான். ஒரு டப்பா காணாமப் போச்சு, நான் பூனை தட்டிவிட்டுச்சுன்னு நினைச்சேன். மாமா எடுத்துட்டுப் போயிருக்கார்.”

“அதெப்படி?” என்றார் மாமியார். “அவரால ஒரு கரண்டியே புடிக்க முடியாதே. அவர் எப்படி...”

சொல்லிவிட்டு நிறுத்தினார். அது அவர் வரைந்ததுதான் என்று மேல்மாடியில் சாதித்தவரும் அவரேதான்.

இஸ்திரி நிதானமாக அடுக்கினார். அந்தப் படத்தில் தண்ணீர் எங்கேயும் ஓடவில்லை. ஆகவே அது மட்டமான தரையில், மேல்மாடியில் வரைந்தது. மேல்மாடிக்கு மருமகள் போனதே இல்லை என்று சாவி வைத்திருப்பவரே சொல்லிவிட்டார். கோடு இழுக்கத் தெரிந்த கை, ஆனால் இழுக்க முடியாத கை, அந்தப் புள்ளிகளைச் சிதறியிருக்கிறது. காட்சிக்கூடத்தில் மாட்டியிருக்கும் படங்களிலேயே ஓவியர் தன் கையால் வரைந்தது அது ஒன்றுதான். சால்வை போலி என்று கூவப் போவது, உண்மையான அந்த ஒன்றைப் பார்த்து.

“அப்ப கையெழுத்து ஏன் போடல அத்தான்?” என்று கேட்டான் மைத்துனன்.

“அடுத்தவங்க படத்துல கூச்சப்படாமக் கையெழுத்துப் போட்டவரு. தன்னோடதைப் பார்த்ததும் கூசியிருக்கு. அலமாரிக்குப் பின்னால ஒளிச்சு வச்சுட்டார்.”

மாமியார் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. அது மருமகள் வரைந்து, கணவர் மேலே எடுத்துப்போய் வைத்தது, கையெழுத்துக்குக் காத்திருந்தது என்று நம்பித்தான் அனுப்பியதாகச் சொன்னார். சரி, போனது போகட்டும். அது ஒன்றை மருமகள் வரைந்ததாகவே விட்டுவிடலாம். ஒரு வக்கீலை வைத்துக்கொள்ளலாம், தெரியாமல் நடந்தது என்று எழுதிக் கொடுத்துவிடலாம். மற்றது எல்லாம் அவர் பெயரிலேயே நிற்கும். குடும்பத்துக்கு ஒரு குறையும் வராது.

“இவங்க?” என்று இஸ்திரி மருமகளைக் காட்டினார்.

மருமகளே பதில் சொன்னாள். “எனக்கென்ன சார், பழகிப்போச்சு. இத்தனை நாள் என்னுதை அவருதுன்னாங்க. இன்னிக்கு அவருதை என்னுதுங்கறாங்க.”

இஸ்திரி கைக்குட்டையை எடுத்து, காலணியில் தெறித்திருந்த தண்ணீரைத் துடைத்தார். கோபம் வந்தால் அவர் எதையாவது துடைப்பார். காலையில் இந்த அம்மாளின் நிமிர்வைப் பார்த்து மதித்தோமே என்பதுதான் அவருக்கு எரிச்சலாக இருந்தது. கூரை ஒழுகாமல் இருக்க, வீட்டிலிருக்கும் ஒருத்தியைக் கூரை மேல் படுக்க வைப்பதா நிமிர்வு?

“உங்க ரகசியத்தை நான் வெளியில சொல்ல மாட்டேன்மா. அது என் தொழிலுக்கு அழகில்ல. ஆனா நீங்க சாயங்காலம் அங்க வரணும். அவர் பேசறதை முன்வரிசையில உட்கார்ந்து கேக்கணும். உங்க வீட்டு மானத்துக்கு என்ன செய்யறதுன்னு அப்ப நீங்களே சொல்லுங்க.”

*

மாலையில் கூடம் நிரம்பியிருந்தது. தண்ணீரைப் பற்றிய படங்களைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கையிலிருந்த கிளாஸில் வேறு எதையோ ஏந்தியிருந்தார்கள். ஒருவர் கீழ் இடது மூலையின் முன்னால் கண்ணை மூடி நின்றிருந்தார். ஒரு பெண்மணி தனக்கு அங்கே நின்றால் பிறந்த வீடு ஞாபகம் வருவதாகத் தோழியிடம் சொன்னார். எந்த அறை ஞாபகம் வருகிறது என்று கேட்கப் போன மைத்துனனை இஸ்திரி முழங்கையால் தடுத்தார்.

மாமியார் முன்வரிசையில். பக்கத்தில் மருமகள், நல்ல சேலை கட்டி, தூக்குமேடைக்கு நேரத்தோடு வந்தவள்போல அமைதியாக.

சால்வை பேசினார். கலைக்கும் கள்ளத்துக்கும் உள்ள தூரத்தைப் பற்றி நிறையப் பேசினார். பிறகு கறுப்புத் துணியை ஒரு வீச்சில் இழுத்தார். கூட்டம் அந்தக் குட்டைகளைப் பார்த்தது. அவர் ஒரு குச்சியை எடுத்து ஒவ்வொரு புள்ளியாகத் தட்டிக் காட்டினார்.

“பாருங்க. நோயாளி மருந்தைக் கொட்டின மாதிரி இருக்கு. இதுல திறமை இல்ல, தெளிவு இல்ல, ஒரு கோடு நேரா நிக்கல. இந்தக் கையைப் பார்த்தா பரிதாபமா இருக்கு. மாஸ்டர் உயிரோட இருந்திருந்தா இதைக் குப்பையில போட்டிருப்பார்.”

கூட்டம் சிரித்தது. படித்தவர்களின் சிரிப்பு, பல் தெரியாதது. முன்வரிசையில் அந்த அம்மாளின் விரல்கள் கைப்பையின் வாரைப் பிடித்திருந்தன. அந்தப் புள்ளிகளை அவர் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார் என்பதை இஸ்திரி கவனித்தார். அனுப்பியபோது சுருளைப் பார்த்தார், விலையைப் பார்த்தார். படத்தைப் பார்க்கவில்லை. கோப்பையை வாயருகே கொண்டுபோகப் போராடிய ஒரு கையை வருடக் கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர். அந்தக் கை தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் ஒரு கோடு போடப் பார்த்திருக்கிறது.

சால்வை இரண்டு வேலைக்காரர்களைக் கூப்பிட்டார். படத்தைக் கழற்றி, முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைக்கச் சொன்னார். இதை வரைந்தவர் இந்தக் கூடத்தில்தான் இருக்கிறார் என்று ஆரம்பித்து, முன்வரிசைப் பக்கம் குச்சியை நீட்டினார்.

“இருக்கறது நான்,” என்று அந்த அம்மாள் எழுந்தார். “வரைஞ்சவர் செத்துப்போயிட்டார்.”

குரல் உயரவில்லை. ஆனால் ஏவிப் பழகிய குரல், கடைசி வரிசைவரை போயிற்று.

“அது என் வீட்டுக்காரர் வரைஞ்சது. கை நடுங்கும் அவருக்கு. நடுங்கிக்கிட்டே வரைஞ்சிருக்கார். இங்க மாட்டியிருக்கிறதுல அவர் வரைஞ்சது அது ஒண்ணுதான். மத்தது எல்லாம் இவ வரைஞ்சது. என் மருமக. அவர் பேர்ல நாங்கதான் வித்தோம். புகார் கொடுக்கணும்னா என் பேர்ல கொடுங்க. ஆனா அந்தக் கையைப் பார்த்துச் சிரிக்காதீங்க.”

சால்வையின் குச்சி அந்தரத்தில் நின்றது. அந்த நிமிடத்தில் அவருடைய தலையணைப் புத்தகம் பக்கம் பக்கமாகச் சரிந்துகொண்டிருந்ததை அவர் முகத்திலேயே படிக்க முடிந்தது. ஆனால் அப்படிப்பட்ட மனிதர்கள் ரொம்ப நேரம் விழுந்து கிடப்பதில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த மூலையில் ஒரு பெண்மையின் தவிப்பு இருப்பதைத் தான் ஆரம்பத்திலிருந்தே உணர்ந்து வந்ததாகவும், இரண்டாம் பதிப்பில் அதைப் பற்றி எழுதவிருந்ததாகவும் சொன்னார். சொல்லிக்கொண்டே மருமகளிடம் குனிந்து, அந்த மூலைக்கு அவள் மனதில் என்ன பொருள் என்று கேட்டார்.

“அங்க வடிகால் இருக்கு சார்,” என்றாள் அவள். “துணி துவைக்கற ரூம்.”

“பென்சில் வேணுமா சார்?” என்று மைத்துனன் பணிவாகக் கேட்டான். “எழுதிக்கறதுக்கு.”

அந்த அம்மாள் அதற்குள் படத்தின் அருகே போயிருந்தார். விற்கவும் வேண்டாம், திருப்பி வைக்கவும் வேண்டாம், வீட்டுக்குக் கொண்டு போகிறோம் என்றார். தூக்க வந்த வேலைக்காரர்களை ஒரு பார்வையில் நிறுத்திவிட்டு, தானே ஒரு பக்கத்தைப் பிடித்தார். படம் கனம். வயதான கைகள். தூக்கியதும் ஒரு பக்கம் சரிந்தது.

மறுபக்கத்தை மருமகள் வந்து பிடித்தாள்.

இரண்டு பெண்கள், நடுவில் ஆளுயர நீலம், கூட்டத்தைப் பிளந்துகொண்டு வாசலை நோக்கி நடந்தார்கள். வழிவிட்டவர்களில் பாதிப் பேர் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள். யாரோ ஒருவர் அருமை என்றார். இஸ்திரி கைதட்டவில்லை. வாசல் கதவை மட்டும் முழுசாகத் திறந்து பிடித்துக்கொண்டு, காலையில் அந்த அம்மாளுக்குக் காட்டியதைவிட ஒரு அங்குலம் கூடுதலாகத் தலை வணங்கினார்.

வாசலில் படி. மருமகள் நின்றாள். எந்தக் கதவிலும் மாமியார்தான் முதலில் நுழைவார், மாமியார்தான் முதலில் வெளியேறுவார், அதுதான் அந்த வீட்டு வழக்கம். அவள் காத்திருந்தாள்.

“எனக்குக் கீழ தெரியல,” என்றார் மாமியார். “நீ முன்னால போ.”